ஏரிக்கரைப் பூங்காவில் கோடை வேலை: நிறுவன விடுதியா, பங்கு வீடா, வார வாடகை அறையா?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து வட ஓரத்தில், சாண்டஸ்கி நகரத்தை ஒட்டி, ஈரி ஏரிக்குள் நீளும் ஒரு நிலமுனையில் சிடார் பாயிண்ட் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 1870ஆம் ஆண்டில் கடற்கரை போன்ற அந்த மணல்கரைக்குக் குளிக்க வந்தவர்களை நம்பித் தொடங்கிய இடம், இன்று 364 ஏக்கரில் ரோலர் கோஸ்டர் என்னும் ராட்சத ரயில்களும் ஓட்டல்களும் நிறைந்த பூங்காவாக வளர்ந்திருக்கிறது. மே மாதத்தில் திறந்து, இலையுதிர்காலத்தின் ஹாலோவீன் கொண்டாட்டங்களோடு மூடிவிடுவார்கள். சுமார் 25,000 பேர் வாழும் அந்தச் சிறு நகரத்தால் மட்டும் இந்தப் பூங்காவுக்கு வேண்டிய ஆள்களைக் கொடுக்க முடியாது என்பதால், ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் ஆயிரக்கணக்கில் சில மாதங்களுக்கு மட்டும் அங்கே வந்து தங்குகிறார்கள். அவர்கள் எங்கே தங்குவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

என் மகள் இரண்டு கோடைகள் அங்கே வேலை செய்தாள். முதல் ஆண்டு பூங்காவின் பணியாளர் விடுதியிலும், இரண்டாம் ஆண்டு நகரத்துக்குள் மூன்று தோழிகளோடு எடுத்த வாடகை வீட்டிலும் தங்கினாள். இந்த ஆண்டு நண்பர் ஒருவரின் மகனுக்கு அதே பூங்காவில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கே தங்கலாம் என்று அவன் கேட்டபோது தொலைபேசியில் விட்டு விட்டுச் சொன்னதை, அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் உதவும் என்று நினைத்து இங்கே எழுதுகிறேன். வார வாடகை எவ்வளவு என்ற கேள்வியோடுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு கோடைகளைப் பார்த்த பிறகு, இரவு வேலை முடிந்து எப்படித் திரும்புவது, வேலை போனால் படுக்கை என்னவாகும் என்ற இரண்டு கேள்விகளை வாடகைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

தங்குமிடத்துக்கு முன்னால் விசாவைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள பிள்ளைகள் இந்த வேலைக்குத் தடையின்றிப் போகலாம். எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்கள் கல்லூரி வளாகத்துக்கு வெளியே விருப்பம்போல் கோடை வேலை செய்ய முடியாது. படிப்போடு நேரடியாகப் பொருந்திய வேலை என்று கல்லூரியின் அனுமதி கிடைத்தால்தான் வழி உண்டு, ரயிலுக்கு முன்னால் நின்று பெல்ட் சரிபார்க்கும் வேலைக்கு அந்த அனுமதி கிடைப்பது அரிது. வெளிநாட்டில் முழுநேரம் படித்துக்கொண்டு கோடைக்கு மட்டும் வருபவர்களுக்கென்று ஜே-1 விசாவில் தனித் திட்டம் இருக்கிறது. அதில் அதிகபட்சம் 4 மாதங்கள் வேலை செய்யலாம். அவர்களுடைய தங்குமிடத்துக்கென்று சில விதிகள் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் தங்குமிடத்தை ஒப்பிட முடியாது. பூங்கா ஒரு நிலமுனையில் இருப்பதால் உள்ளே போக இரண்டே வழிகள்தான். நகரத்தின் பக்கத்திலிருந்து விரிகுடாவைக் கடந்து போகும், 1957ஆம் ஆண்டில் திறந்த கரைப்பாலம் ஒன்று. ஹூரான் ஊரின் பக்கத்திலிருந்து ஏரியை ஒட்டி வீடுகளுக்கு நடுவே வரும் பழைய குறுகலான சாலை மற்றொன்று. வரைபடத்தில் பார்த்தால் நகரத்து வீடு பூங்காவுக்கு எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை காலையில் பார்வையாளர்களின் கார்கள் அந்தப் பாலத்தில் வரிசை கட்டி நிற்கும்போது அந்தக் கைக்கெட்டும் தூரம் எவ்வளவு நீளும் என்பதை வரைபடம் சொல்லாது. என் மகள் இரண்டாம் ஆண்டில் சனிக்கிழமைகளில் மட்டும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். விடுதியில் இருந்த முதல் ஆண்டில் காலணியை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவாள்.

நிறுவன விடுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதன் அடிப்படை எளிமையானது: ஒரு அறையில் இருவர் முதல் நால்வர் வரை, பொதுக் குளியலறை அல்லது சில அறைகளுக்கு ஒரு குளியலறை, சலவை எந்திரம், நுழைவாயிலில் அடையாள அட்டைச் சோதனை, சம்பளத்திலிருந்து வாரந்தோறும் பிடித்துக்கொள்ளும் சிறு தொகை. முன்பணம் திரட்ட வேண்டாம், மின்கட்டணத்தை யார் பெயரில் வைப்பது என்ற பேச்சு வேண்டாம், கட்டிலும் மெத்தையும் வாங்க வேண்டாம். ஊரையே பார்த்திராத 19 வயதுப் பிள்ளைக்கு இந்த எளிமையின் மதிப்பு பெரிது. சாண்டஸ்கியில் ஆம்ட்ராக் என்னும் தொலைதூரப் பயணிகள் ரயில்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் நிற்கின்றன. அந்த நேரத்தில் ஒரு பையோடு இறங்குபவருக்கு, தன் பெயரில் ஒரு படுக்கை எங்கோ தயாராக இருக்கிறது என்ற உறுதி எந்த வாடகைக் கணக்கிலும் அடங்காது. ஆனால் அந்த நேரத்தில் சாவி கொடுக்க அலுவலகத்தில் ஆள் இருப்பாரா என்பதையும், வேலை தொடங்கும் நாளுக்கு எத்தனை நாள் முன்னதாக உள்ளே விடுவார்கள் என்பதையும் பயணச்சீட்டு வாங்கும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

விடுதியில் குறைகளும் உண்டு. ஒரே அறையில் இருப்பவர்களுக்கு வெவ்வேறு ஷிப்டு அமைந்தால் தூக்கம் கெடும். காலை ஆறு மணிக்குச் சமையற்கூடத்துக்குப் போக வேண்டியவரும் இரவு ஒரு மணிக்கு ரயிலை நிறுத்திவிட்டுத் திரும்புபவரும் ஒரே விளக்கின் கீழ் வாழ வேண்டியிருக்கும். அறை ஒதுக்கும்போதே ஒரே பிரிவில் வேலை செய்பவரோடு சேர்க்கும்படி கேட்பதில் தவறில்லை. பல இடங்களில் விண்ணப்பத்திலேயே அதற்கு இடம் இருக்கும். விருந்தினர் எத்தனை மணிவரை இருக்கலாம், மது பற்றிய விதி என்ன, அறைச் சோதனை எப்போது நடக்கும் என்பனவெல்லாம் நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் இருக்கும். அவற்றை மீறினால் படுக்கை மட்டுமல்ல, வேலையும் போகலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விடுதி அறைகளில் சூடாக்கும் சாதனங்களை வைக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த சிறு ரைஸ் குக்கர் அந்த ஆண்டு முழுவதும் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. பணியாளர் உணவகம் இருக்கும், விலையும் பார்வையாளர் கடைகளைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் வாரம் ஏழு நாளும் அங்கேயே சாப்பிடும் சைவக்காரருக்கு மூன்றாம் வாரத்திலேயே அலுத்துவிடும். பொதுச் சமையலறை இருக்கிறதா, இருந்தால் எத்தனை பேருக்கு எத்தனை அடுப்பு, குளிர்பதனப் பெட்டியில் தனித் தட்டு கிடைக்குமா என்று கேட்பது அற்பமான கேள்வியல்ல. பதினான்கு வாரங்களில் ஒருவர் மிச்சப்படுத்தும் பணத்தில் பெரும் பகுதியை முடிவு செய்யும் கேள்வி அது.

நகரத்தில் பங்கு வீடு எடுப்பது இரண்டாம் வழி. மூன்று நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் தனி அறை கிடைக்கும், சொந்தச் சமையல் கிடைக்கும், நண்பர்கள் வந்து போகலாம், வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும். என் மகள் இரண்டாம் ஆண்டில் மனநிறைவோடு இருந்தாள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இது ஏரிக்கரைச் சுற்றுலா ஊர். கோடையில் பல வீடுகள் நாள் வாடகைக்குச் சுற்றுலாக்காரர்களிடம் போய்விடுகின்றன. மிஞ்சும் வீடுகளின் உரிமையாளர்கள் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தையே விரும்புகிறார்கள். மூன்றரை மாதத்துக்கு வீடு கொடுக்கச் சம்மதிப்பவர் அரிது, சம்மதித்தால் வாடகை கூடுதல். கல்லூரி முடிந்து ஊருக்குப் போகும் மாணவர் தம் அறையை உள்வாடகைக்கு விடுவதுண்டு. அப்போது வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் எந்தப் பூங்காவின் அறிவிப்பும் அல்ல. கணக்கின் போக்கைக் காட்ட நான் வைத்துக்கொண்ட எண்கள்தான், படிப்பவர் தமக்குச் சொல்லப்பட்ட எண்களை அந்த இடங்களில் போட்டுப் பார்க்க வேண்டும். விடுதிக்கு வாரம் 50 டாலர் பிடிக்கிறார்கள் என்றும், சமைக்க வசதியில்லாததால் நாளுக்கு 18 டாலர் சாப்பாட்டுக்குப் போகிறது என்றும் வைத்துக்கொண்டால் வாரச் செலவு 176 டாலர். பங்கு வீட்டில் ஒருவர் பங்கு, மின்கட்டணம் உட்பட, வாரம் 130 டாலர், சமைத்துச் சாப்பிடுவதால் உணவு 70 டாலர், நால்வர் பங்கிடும் காரின் பெட்ரோலுக்கு 20 டாலர், மொத்தம் 220. வேறுபாடு 44 டாலர்தானே, தனி அறைக்கு அது தகும் என்று தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. ஆனால் வேலை 14 வாரம், வாடகையோ முழு மாதங்களாக நான்கு மாதம். மாதம் 563 டாலர் என்றால் நான்கு மாதத்துக்கு 2,252. அதைத் தங்கிய 14 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 161 டாலர் வருகிறது. அப்படிப் பார்த்தால் வீட்டின் வாரச் செலவு 251, விடுதியைவிட 75 டாலர் கூடுதல், பருவம் முழுவதற்கும் 1,050 டாலர் கூடுதல். காரில்லாமல் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஊபர் பிடித்தால், ஒரு வழிக்கு 12 டாலர் என்ற கணக்கில் ஆறு நாளுக்கு 144 டாலர் போகும். அப்போது ஒப்பீட்டுக்கே இடமில்லை.

நேரத்துக்கும் ஒரு விலை உண்டு, பருவகாலப் பூங்காக்களில் அதைக் கணக்கிடுவதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு ஊதியம் என்பது பொதுவிதி. ஆனால் ஆண்டில் 7 மாதங்களுக்கு மேல் இயங்காத கேளிக்கை நிறுவனங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ஐம்பதாவது மணி நேரத்துக்கும் பத்தாவது மணி நேரத்துக்குக் கிடைத்த அதே ஊதியம்தான் கிடைக்கலாம். நிறுவனம் தானாகக் கூடுதலாகத் தருகிறதா என்பதை வேலைக் கடிதத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுக் கோடையில் ஆறு நாள், சில வாரங்களில் அதற்கும் மேல், நின்றுகொண்டே வேலை செய்யும் உடம்புக்குப் போக்குவரத்தில் கரையும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்திலிருந்து கழிகிறது. அந்த இழப்பை ஈடுகட்டும் கூடுதல் ஊதியம் எதுவும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் கோடைக்கு விடுதிதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இரவுப் பயணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோடையின் உச்சத்தில் பூங்கா இரவு வெகுநேரம் திறந்திருக்கும். கடைசிப் பார்வையாளர் வெளியேறிய பிறகு கூட்டிப் பெருக்கி, கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் பணியாளர் கிளம்ப முடியும். சாண்டஸ்கியில் நகரப் பேருந்துச் சேவை இருக்கிறது என்று கேட்டுத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. நீங்கள் எடுக்கப்போகும் வீட்டின் அருகே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா என்று நேரஅட்டவணையைத் திறந்து பார்க்க வேண்டும். தோழிகள் நால்வரில் ஒருத்தியிடம் மட்டும் கார் இருந்தால், அவளுடைய ஷிப்டு மற்ற மூவரின் வாழ்க்கையையும் ஆளும் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. என் மகள் பல இரவுகளில் வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் ஓய்வறை நாற்காலியில் தோழிக்காகக் காத்திருந்தாள்.

பங்கு வீட்டில் சட்டம் ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். ஓஹியோவின் வாடகைச் சட்டப்படி, வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த 30 நாள்களுக்குள் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்; ஏதேனும் பிடித்துக்கொண்டால் எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் விவரம் தர வேண்டும். தவறாகப் பிடித்துக்கொண்ட தொகைக்கு அதே அளவு இழப்பீடும் சேர்த்துக் கேட்கச் சட்டம் வழிசெய்கிறது, ஆனால் குடியிருந்தவர் தம் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். பருவம் முடிந்து நாலா திசைக்கும் பறந்துவிடும் மாணவர்கள் மறப்பது இதைத்தான். என் மகளும் தோழிகளும் சாவியைச் சமையலறை மேசைமீது வைத்துவிட்டுக் கிளம்பினார்கள், முகவரி கொடுக்கவில்லை. அவர்களுடைய முன்பணத்தில் பாதிக்கு மேல் சுவர்க்கறை, துப்புரவு என்ற பெயர்களில் கரைந்துபோனது. கறை முன்பே இருந்தது என்று காட்ட, குடிபுகுந்த அன்று எடுத்த படமும் அவர்களிடம் இல்லை. முதல் நாளே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திருக்காது. அதை அவர்களுக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு என்று இன்றும் வருந்துகிறேன்.

இன்னொன்று, நால்வரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், பொதுவாக வாடகை முழுவதற்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. என் மகளின் வீட்டில் ஒரு பெண் ஜூலை மாத நடுவில் உடல்நலம் சரியில்லாமல் ஊர் திரும்பினாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவளுடைய பங்கை மற்ற மூவரும் ஏற்க வேண்டியதாயிற்று. ஒருவர் நடுவில் போனால் என்ன செய்வது என்று தோழிகளுக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ள நட்பு தடையாக இருக்கக் கூடாது. அப்படி எழுதிக்கொள்வதுதான் நட்பைக் காப்பாற்றும்.

இப்போது நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன்: வேலை போனால் படுக்கை என்னவாகும்? பங்கு வீட்டின் உரிமையாளருக்கு உங்கள் வேலை எங்கே என்பது பொருட்டல்ல. வாடகை கொடுக்கும்வரை நீங்கள் இருக்கலாம், உள்ளே வர வேண்டுமானால் அவரும் நியாயமான முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், 24 மணி நேரம் என்பது ஓஹியோவில் சட்டம் ஏற்கும் அளவு. நிறுவன விடுதியில் தங்குவது பெரும்பாலும் வேலையோடு சேர்ந்த ஒரு சலுகையாகவே எழுதப்பட்டிருக்கும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ அந்தச் சலுகையும் அன்றோடு அல்லது சில நாள்களில் முடியும். மேலாளரோடு ஒரு சண்டை, இரண்டு நாள் தாமதம், காய்ச்சலில் சொல்லாமல் எடுத்த விடுப்பு என்று எதில் தொடங்கினாலும், அது சம்பளத்தையும் கூரையையும் ஒரே நேரத்தில் பறிக்கும் நிலைக்குப் போகலாம். இது விடுதியை வேண்டாம் என்று சொல்வதற்கான காரணம் ஆகாது. ஆனால் கையெழுத்திடும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படித்து, வெளியேற எத்தனை மணி நேரம் தருவார்கள் என்று தெரிந்துகொள்வதும், இரண்டு வாரம் வெளியே தங்கும் அளவுக்குப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பதும் அவசியம். இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் பெற்றோர் வீடு இருக்கும் பிள்ளைக்கு இது சிறு இடர். கடல் கடந்து வந்த பிள்ளைக்குப் பெரிய இடர்.

அந்தக் கடல் கடந்து வரும் ஜே-1 மாணவர்களுக்குத்தான் விதிகள் ஓரளவு துணை நிற்கின்றன. அவர்களை அழைத்துவரும் ஆதரவு அமைப்பு, வேலையிடத்தின் அருகே கட்டுப்படியாகும் தங்குமிடமும் நம்பத்தக்க போக்குவரத்தும் இருக்கின்றனவா என்று பார்க்கக் கடமைப்பட்டது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையிலேயே பெரும்பகுதி அமையும் வேலைகளில் அவர்களைச் சேர்க்கவும் கூடாது. வந்து சேர்ந்ததையும், முகவரி மாறினால் புது முகவரியையும், மாணவர் 10 நாள்களுக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். விடுதியிலிருந்து நண்பரின் வீட்டுக்கு மாறியதைச் சொல்லாமல் விட்டால் விசா நிலையே சிக்கலாகலாம். வேலை போனால் வேறு வேலைக்கு அந்த அமைப்பின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். வேலைக்காலம் முடிந்த பிறகு ஊர் சுற்றிப் பார்க்க 30 நாள் கிடைக்கும், ஆனால் அதில் வேலை செய்யக் கூடாது, விடுதியிலும் இடம் இருக்காது. திரும்பும் விமானத்துக்கு முந்தைய அந்த நாள்களின் தங்குமிடச் செலவை வரும்போதே ஒதுக்கி வைக்காதவர்கள் கடைசியில் கிடைத்த இடத்தில் கிடைத்த விலைக்குத் தங்க நேர்கிறது.

வார வாடகைக்குக் கிடைக்கும் மோட்டல் அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளீவ்லாந்து சாலையிலும், பெரிய கடைகளும் கலஹாரி நீர்ப்பூங்கா ஓட்டலும் இருக்கும் 250ஆம் எண் நெடுஞ்சாலையிலும் மோட்டல்கள் உண்டு. மே மாதத்தில் சலிக்காமல் வார வாடகைக்குத் தரும் உரிமையாளர், ஜூலையில் அதே அறையை ஒரு வார இறுதியில் சுற்றுலாக்காரருக்கு விட்டு அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்க முடியும். அப்போது உங்களுக்கான விலை உயரும் அல்லது அறையே இல்லை என்றாகும். விடுதியில் இடம் வரும்வரை ஓரிரு வாரம் தங்குவதற்கு அது சரி. பருவம் முழுவதும் அதையே நம்புவது சரியல்ல.

கிளீவ்லாந்தில் உறவினர் வீடு இருக்கிறதே, அங்கிருந்து போய்வந்தால் என்ன என்று கேட்ட பெற்றோர்களும் உண்டு. தியாகராஜ ஆராதனைக்காக ஆண்டுதோறும் கிளீவ்லாந்துக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு அது பழகிய ஊர் என்பதால் இந்த எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் அங்கிருந்து சாண்டஸ்கி ஏறத்தாழ 60 மைல். நள்ளிரவில் ஷிப்டு முடித்து, கண் செருக, ஒரு மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் காரோட்டும் பிள்ளையை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுமுறை நாளில் துணி துவைத்து, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, தூங்கிவிட்டுப் போகத்தான் உறவினர் வீடு; அதற்கு அது மிக நல்ல இடம்.

பெண்பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் தனியாகக் கேட்பது பாதுகாப்பைப் பற்றி. விடுதிக்குக் காவல் உண்டு, வீட்டுக்கு இல்லை, ஆகவே விடுதியே பாதுகாப்பு என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் முதல்முறையாகப் பெற்றோரை விட்டு வாழும் கட்டடத்துக்கு அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. அறைக்கதவு உள்ளிருந்து தனியாகப் பூட்டுமா, பெண்களுக்குத் தனித் தளமா, இரவில் பொறுப்பாளர் யார், அறைமாற்றம் கேட்டால் எத்தனை நாளில் நடக்கும் என்பவற்றைக் கேட்க வேண்டும். தவறு ஏதேனும் நடந்தால் விடுதி மேலாளரிடம் சொல்வதோடு நிறுத்திவிடாமல் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கவும், மருத்துவமனைக்குப் போகவும் தனக்கு உரிமை உண்டு என்பதையும், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதையும் பிள்ளைக்கு ஊரிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். வீடு எடுப்பவர்கள் அந்தத் தெருவை ஒருமுறை இரவு பதினோரு மணிக்குப் போய்ப் பார்ப்பது பகலில் மூன்று முறை பார்ப்பதைவிட மேல்.

ஏரிக்கரை வாழ்க்கையின் சிறு விவரம் ஒன்று, விடுதிக்கும் வீட்டுக்கும் பொதுவானது. கோடையின் தொடக்கத்தில் ஈரி ஏரியிலிருந்து ஈசல் போன்ற பூச்சிகள் கோடிக்கணக்கில் எழுந்து, விளக்கு எரியும் இடமெல்லாம் அப்பிக்கொள்ளும். அவை கடிப்பதில்லை, சில நாள்களில் மடிந்துவிடும். ஆனால் சன்னலில் வலை கிழிந்த அறையில் அந்த வாரத்தைக் கழிப்பது எளிதல்ல. வலையைப் பார்த்துவிட்டு அறையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பருவத்தின் பின்பாதியைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு முழுவாரக் கோடைக்காலம் முடிகிறது. அதன் பிறகு பூங்கா பெரும்பாலும் வார இறுதிகளை ஒட்டியே இயங்கும். வேலை நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், விடுதிப் பிடித்தமோ வீட்டு வாடகையோ ஏழு நாளுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகஸ்டு நடுவில் கல்லூரிக்குத் திரும்புபவருக்கு இது பொருட்டல்ல. இலையுதிர்காலம் முடியும்வரை இருக்க எண்ணுபவர், செப்டம்பர் மாத வருமானத்தை ஜூலை மாத வருமானத்தைக் கொண்டு கணக்கிட்டு ஏமாறக் கூடாது. அதே சமயம், சுற்றுலாக்காரர்கள் குறையும் அந்த மாதங்களில் நகரத்தில் அறைகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கும். கோடையில் விடுதியிலும் இலையுதிர்காலத்தில் அறையிலும் தங்குவது சிலருக்குப் பொருந்தும்.

ஆக, முதல் கோடை, கார் இல்லை, ஊரில் யாரையும் தெரியாது என்றால் விடுதி. இரண்டாம் கோடை, முன்பே சேர்ந்து வேலை செய்து ஒருவரையொருவர் அறிந்த மூவர் நால்வர், கைவசம் இரண்டு கார், ஏப்ரலுக்குள் எழுத்தில் ஒப்பந்தம் என்றால் பங்கு வீடு. கூடுதலாகப் போகும் ஆயிரம் டாலருக்குத் தூக்கமும் சோறும் தனிமையும் கிடைக்கும், அது வீண் செலவல்ல. மணமானவர்களுக்கும், மருத்துவக் காரணத்துக்காகத் தனியறை வேண்டுபவர்களுக்கும் முதல் ஆண்டிலேயே வீடுதான் சரி. சேமிப்பு ஒன்றே குறிக்கோள் என்று வருபவர்களுக்கு எந்த ஆண்டும் விடுதிதான். 18 வயது நிரம்பாதவர்களை விடுதியில் சேர்ப்பார்களா என்பதை வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

நண்பரின் மகன் காரில்லாமல் போகிறான், சமையலில் ஆர்வமில்லை, ஆகஸ்டு 20ஆம் தேதி கல்லூரி திறக்கிறது. விடுதிக்கே எழுதிக் கொடுத்திருக்கிறான். வெளியேறும் விதியைப் பற்றியும், இரவில் வந்திறங்கினால் சாவி யாரிடம் என்பதைப் பற்றியும் கேட்டு அவன் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது. முதல் கேள்வியை மறுபடியும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்; அதற்குப் பதில் வந்த பிறகுதான் ரயில் சீட்டு வாங்கப் போகிறான்.